போணி நேரத்தில் பீச்சாங்கை

“இன்னும் போணிகூட ஆகல. பீச்சாங்கையை நீட்டுறியே தாயி!”

பொன்னமராவதி கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் குழந்தைசாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அதற்காகக் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்துவிடவில்லை. வியாபாரி அல்லவா!

எதிரே நின்ற செவந்தி, வலது கையை முந்தானைக்குள் செருகிக்கொண்டு இடது கையை நீட்டியபடியே நின்றாள்.

“கோவிச்சுக்காதீங்கய்யா. இப்படியே குடுங்க.”

“வீட்டுத் தோட்டத்துக்குன்னுதானே கேட்ட? இதைவிடச் சாமான் கிடையாது. மணமேல்குடிக்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போயி வேலியில சாத்தி வச்சாரு. விடிஞ்சு பாத்தா, அது பாட்டுக்குப் பாதித் தோட்டத்தைக் கொத்திப் போட்டுட்டு, வெத்தலை பாக்குக்குக் காத்துக்கிட்டு நிக்குது!”

செவந்தி சிரித்துவிட்டாள். சிரிப்போடு இடது கையால் அதை வாங்கி, காற்றிலேயே நாலு கொத்துக் கொத்திப் பார்த்தாள்.

“கனக்குதுங்க. இன்னும் லேசா?”

வேறொன்று கொடுத்தார். கைப்பிடி வழுக்குகிறதாம். மூன்றாவது பிடித்துப்போயிற்று. மண் அள்ளும் கரண்டியையும் அதே கையால் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்து வைத்தாள். கிளை நறுக்கும் கத்தரியோ, அதன் பூட்டுக் கொக்கி இடது கை விரலுக்கு எட்டவில்லை என்று திரும்பி வந்தது.

“வலது கையில பிடிச்சு அமுக்கிப் பாரு. வெண்ணெயா வெட்டும்.”

“இது வேணாங்க.”

“மம்பட்டி?”

“அது வேணவே வேணாங்க.”

“மம்பட்டி இல்லாம என்னாத்தா தோட்டம்? திடீர்னு என்ன ஆசை?”

“எங்க வீட்டுக்காரரு வாராகய்யா, வர்ற வெள்ளிக்கிழமை. குவைத்துக்குப் போயி நாலு வருசமாச்சு. எப்பப் போன் பண்ணாலும், கொல்லையில என்ன பூத்துருக்குன்னுதான் மொதக் கேள்வி.” செவந்தி களைக்கொத்தின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சொன்னாள். “இப்பக் கொஞ்ச நாளா அதையும் கேக்குறதில்ல.”

புருஷன் வந்து இறங்கும்போது காட்டுவதற்குத் தோட்டம் போடுகிறாளாக்கும் என்று குழந்தைசாமி நினைத்துக்கொண்டார். பாவம், அந்த வலது கையில் ஏதோ குறை இருக்கும்போல. தெரியாமல் வாயை விட்டுவிட்டோமே என்று மனசு இளகிக்கூட வந்தது.

அப்போது பார்த்து அவள் செல்போன் மணியடித்தது.

முந்தானையிலிருந்து சரேலென்று வெளியே வந்தது வலது கை. வளையல்கள் குலுங்க, விரல் ஐந்தும் அம்சமாக இருந்தன. போனை எடுத்து, “கடையில இருக்கேன், அப்புறம் பேசுறேன்” என்றவள், கையை மறுபடியும் உள்ளே செருகிக்கொண்டாள்.

குழந்தைசாமிக்கு இளகின மனசு இரும்பாகிவிட்டது.

“கை நல்லாத்தானே இருக்கு! அப்புறம் என்ன கொழுப்பு? காலையிலேருந்து என் சாமானையெல்லாம் பீச்சாங்கையால தொட்டு வெளையாடுறியா?”

செவந்தி பதறவில்லை. தேறின களைக்கொத்தையும் கரண்டியையும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

“என் கைக்குத் தோதா இருக்கான்னு பாக்கலைங்கய்யா. அவுகளுக்கு வலது கை மெஷின்ல போயிருச்சு. வந்ததும் யாரையும் கூப்பிடாம, அவுகளே ஒரு செடி வைக்கணும்.”