பலாமரத்தடி இருமல்

வீட்டுக்குக் கீழே பலாமரத்தடியில் செல்லப்பா இருமிக்கொண்டிருந்தார். அடுப்படியில் நின்ற கலாராணி கண்களை மூடிக் கேட்டாள்.

புருஷனை அடக்கம் செய்த பிறகு ஒரு பொங்கலும் வந்து போய்விட்டது.

கருங்கல் உடைக்கும் மில்லில் தூசியை விழுங்கி விழுங்கி நெஞ்சடைத்துச் செத்த மனிதர். வீட்டில் யாருடைய தூக்கமும் கெடக்கூடாதென்று, விடியற்காலையில் அந்த மரத்தடிக்குப் போய்த்தான் இருமுவார். இப்போதும் அங்கேதான் வருகிறார்.

மகன் சந்திரகுமார் முதல் கண்டி பஸ்ஸுக்கென்று இறங்கிப் போன பிறகுதான் சத்தம் கேட்கும். பிள்ளை பயந்துவிடக்கூடாதென்று நேரம் பார்த்து வருகிறார் என நினைத்துக்கொண்டாள்.

பிள்ளைக்கும் அதே மில்தான். ஆனால் ஆபீஸில் எழுத்து வேலை என்று அவன் சத்தியம் செய்த பிறகே அனுப்பினாள். வேலை விட்டு வந்ததும், மலையிலிருந்து குழாய் வழியே விழும் பீலித் தண்ணீரில் தன் சட்டையைத் தானே கசக்கிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவான். அம்மாவுக்குச் சிரமம் கொடுக்காத பிள்ளை.

பக்கத்து வீட்டு ஜெயராணிக்குத்தான் பொறுக்கவில்லை. "அக்கா, அது போகாத உயிரு. தெல்தோட்டைப் பூசாரியக் கூட்டியாந்து அனுப்பி வச்சிருவோம்."

"அனுப்பவா? இருமிக்கிட்டாவது இருக்கட்டும் புள்ள. சத்தமாவது கேக்குதே."

அன்றிலிருந்து மகன் எழும்புமுன்பே கொத்தமல்லி அவித்து, கோப்பையை மூடி, மரத்தடிக் கல்லில் வைத்துவிட்டு வருவாள். வெயில் ஏறியதும் போய்ப் பார்த்தால் கோப்பை காலியாக இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

இன்றைக்கு இருமல் நிற்கவில்லை. கடைசி நாட்களில் கேட்ட அதே இரைப்பு, அதே இழுப்பு. கலாராணி வெறுங்காலோடு பனிமூட்டத்துக்குள் இறங்கி ஓடினாள்.

மரத்துக்கு அப்பால் ஒரு முதுகு குனிந்திருந்தது. அவருடைய தோள். அவருடைய பழைய ஜேர்சி.

"என்னங்க..." அவள் குரல் உடைந்தது. "போயிறாதீங்க. யாரு சொன்னாலும் உங்கள அனுப்ப மாட்டேன். இங்கனயே இருங்க."

அந்த உருவம் வாயைத் துடைத்துக்கொண்டு மெல்லத் திரும்பியது.

"அப்பா இல்லம்மா... நான்தான்."