இவரும் அவர்தானா?

முப்பது நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம் என்ற மென்பொருளை இறக்கி, ஸ்டுடியோவின் பதினோரு வருடக் கல்யாணப் படங்களையும் பெனிலா அதற்குள் கொட்டினாள். படமெடுப்பது கணவன் செல்வின். பக்கத்தில் லைட்டைத் தூக்கிப் பிடிப்பதும், பிறகு எடிட்டிங்கில் உட்கார்ந்து ஓரத்தில் விழுந்திருக்கும் தன்னையே வெட்டிவிடுவதும் அவள் வேலை. மென்பொருள் வெட்டாத மூலப் படங்களைத் துழாவி முகங்களை ஆள்வாரியாகப் பிரித்தது. அதிகப் படங்களில் இருந்தவளை முதலில் நிறுத்திப் பெயர் கேட்டது. பாதிக் கன்னமும் தூக்கிய கையுமாக நாலாயிரத்துச் சொச்சம் படங்கள்.

செல்வின் லென்ஸைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தான். "யாரு பிள்ள இது? எல்லாக் கல்யாணத்துலயும் நிக்கா."

"லைட்டு பிடிக்கிறவ."

"ஓ, நீயா. சரி, ஆல்பத்தப் பாரு, நேரமாவுது."

அவள் தன் பெயரை அடித்தாள். உடனே மென்பொருள் இன்னொரு படத்தைக் கொண்டுவந்து, இவரும் அவர்தானா என்று கேட்டது. வெள்ளைப் பட்டில், படத்தின் நட்டநடுவில், கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிற மணப்பெண். பெனிலாவின் சொந்தக் கல்யாணம்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 'இல்லை' என்பதை அழுத்தினாள். எந்த மறுப்பும் இல்லாமல் அடுத்த முகம் வந்தது.