நான்காவது கிடா

மூன்று தலைகள் மணலில் கிடந்தன.

மூன்றாவதன் வாய் இன்னும் எதையோ மென்றுகொண்டிருந்தது.

அவன் அரிவாளை வேட்டியில் துடைத்தான். ரத்தம் முழங்காலிலிருந்து சூடாக இறங்கி விரலிடுக்கில் பிசுபிசுத்தது. பின்னால் மூன்று முண்டங்களும் மணலை உதைத்து உதைத்து ஓய்ந்தன.

கருப்பசாமிக்குக் கிடா வெட்டுவது அவன் வீட்டுப் பாத்தியதை. மூத்த மகன்தான் வெட்ட வேண்டும். வேறு கை அந்த அரிவாளைத் தொடக்கூடாது. அப்பா மாசியில் இறந்துபோனார். இந்த வருடம் அவன்.

அவனுக்குச் சாமி கிடையாது. பன்னிரண்டு வயதிலிருந்தே கிடையாது. ஊருக்கும் அது தெரியும். வெட்டினால் போதும் என்று விட்டிருந்தார்கள்.

நான்காவது கிடாவை இழுத்து வந்தார்கள். கறுப்பு. நெற்றியில் மட்டும் வெள்ளை.

சித்தப்பா காசிமாயன் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினார். கிடா தலையைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. பிறகுதான் வெட்டு.

குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்த உடம்பும் சிலிர்க்கும். இதில் சாமி எங்கே வந்தது என்றுதான் அவன் நினைத்திருந்தான். முதல் மூன்றும் சிலுப்பின. வெட்டினான்.

இது சிலுப்பவில்லை.

இரண்டாவது செம்பு.

மூன்றாவது.

உறுமி மேளம் வேகமெடுத்தது. கிடா அசையாமல் அவனைப் பார்த்தது. அதன் விலா மட்டும் ஏறி இறங்கியது.

தன் விலாவும் அதே கணக்கில் ஏறி இறங்குவதைக் கவனித்தான்.

பயமாக இருக்கலாம். தோள்வலியாக இருக்கலாம். காலையிலிருந்து வெறும் வயிறு, அதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். எதுவும் பொருந்தவில்லை.

ஓர் உயிரிடம் கேட்டிருக்கிறார்கள். அது இன்னும் சொல்லவில்லை.

அவ்வளவுதான்.

இந்தச் சாமியின் முன் எத்தனையோ முறை நின்றிருக்கிறான். ஒரு பதிலுக்காக இப்படிக் காத்து நின்றதில்லை.

சித்தப்பா கிடாவின் காதுக்குள் தண்ணீரை ஊற்றினார். அதற்கும் அசையவில்லை. கொம்பைப் பிடித்து இரண்டு உலுக்கு உலுக்கினார்.

"ஆட்டிருச்சு! வெட்றா!"

"அது ஆட்டல, சித்தப்பா. நீங்கதான் ஆட்டுனீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சித்தப்பாவின் முகம் கறுத்தது.

"சாமியே இல்லைன்னு திரிஞ்ச பய, இப்ப சாமி உத்தரவுக்கு நிக்கிறியாக்கும்?"

"சாமிகிட்ட கேக்கல. அதுகிட்ட கேக்குறேன்."

அரிவாளை மணலில் வைத்தான்.

முதல் அடி வாயில் விழுந்தது. ஒரு பல் நாக்கின்மேல் உருண்டது. இரண்டாவதை யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. விழுந்தான். குதிகால்கள் விலாவில் இறங்கின. உள்ளே ஏதோ சுள்ளி போல ஒடிந்தது.

"அப்பன் கை வீச்சுக்கு ஒண்ணா அறுபது கிடா வெட்டுன கை. இதுக்கு வளையல் மாட்டி விடுங்கடா."

முப்பது பேர் அவன்மேல் கை வைத்தார்கள்.

அரிவாள்மேல் ஒருவரும் வைக்கவில்லை.

அது கிடாவின் முன்னங்கால் அருகே, வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது.

அடி நின்றபோது உறுமியும் நின்றிருந்தது. மயிரைப் பிடித்துத் தூக்கி முழங்காலில் நிறுத்தினார்கள். ஒரு கண் திறக்கவில்லை. மற்றதால் பார்த்தான். எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், கிடா. அதன் மூச்சு அவன் நெற்றியில் பட்டது.

சித்தப்பா குடத்தில் செம்பை முக்கினார். அவன் உச்சந்தலையில் ஊற்றினார். குரல் இறங்கியிருந்தது.

"சரின்னு தலைய மட்டும் ஆட்டுறா. போதும். விட்டுர்றோம்."

மஞ்சளும் ரத்தமும் மூக்கு நுனியில் சொட்டின. தண்ணீர் பிடரி வழியாக நடுமுதுகில் இறங்கியது. அங்கிருந்து ஒரு சிலிர்ப்பு கிளம்பி, முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக ஏறி, கழுத்துக்கு வந்தது.

மிச்சமிருந்த பற்களைக் கடித்துக்கொண்டான்.

கிடா அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

சித்தப்பா இரண்டாவது செம்பை முக்கினார்.