முத்தி செய்யாதவள்

பாடுபட்ட சுரூபத்தின் முன் முழந்தாளிட்டுக் குனிந்த புனிதமலர், ஆண்டவரின் பாதத்தில் வாய் வைத்து முத்தி செய்யாமலே எழும்பிப் போய்விட்டாள். அதுவும் பெரிய வெள்ளியன்று, கோயில் நிறைந்த சனத்துக்கு நடுவில்.

அடுத்ததாக நின்ற ஜோசப்பின் என்பவள் அதைக் கண்ணால் கண்டாள். இடுப்பிலிருந்த தன் மூன்று வயது மகள் லூசியாவைக் குனியவைத்து முத்தி செய்வித்து, தானும் செய்தாள். பிள்ளையின் தொய்வு இழுப்பு மாறவேண்டுமென்று தவக்காலம் முழுக்க ஒருநேரச் சாப்பாடுதான் அவளுக்கு.

போன மாதம் லூசியாவுக்கு மூச்சு இழுத்து உதடு நீலம் பாரித்தபோது, வண்டில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் துணையாக ஓடியவள் இதே பக்கத்து வீட்டுப் புனிதமலர்தான்.

"சளி, தடிமன் தொத்த விடாதேங்கோ," என்று இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னார் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி. "தடிமன் நெஞ்சுக்கு இறங்கினால் மூச்சுக்குழாய் உள்ளுக்கு வீங்கி ஒடுங்கிப்போம். இன்னொருக்கால் இப்பிடி வந்தால் என்னாலை ஒண்டும் சொல்லேலாது."

கோயிலில் லத்தீன் பாட்டு முடிய முன்னமே முற்றத்தில் கதை தொடங்கிவிட்டது.

"முன்னுக்கு இருந்து செபமாலை சொல்லுறவா. ஆண்டவரின்ர காலிலை வாய் வைக்க அருவருப்பாமோ?"

"ஏதேன் பாவம் கிடக்கும். இவவோ உயிர்த்த ஞாயிறுக்கு மாதாவுக்குப் பட்டு உடுத்திறது?"

பத்து வருசமாகப் புனிதமலர் செய்துவரும் வேலை அது.

"ஜோசப்பின், நீ பின்னாலை நிண்டனி. உண்மையோ?"

"ஓம். குனிஞ்சவா, தொடேல்லை." பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "பட்டை நான் உடுத்திறன்."

அடுத்த நாள் காலை ஜோசப்பின் பிள்ளையோடு புனிதமலர் வீட்டுப் படலையடியில் போய் நின்றாள்.

"புனிதமலரக்கா, மாதாவின்ர பட்டைத் தரட்டாம்."

"அதிலையே நில்லு. பிள்ளையோடை உள்ளுக்கு வராதை." குரல் மட்டும் வந்தது.

ஜோசப்பினுக்கு முகம் சுண்டியது. செய்ததையும் செய்துபோட்டு எடுப்பைப் பார்.

பட்டைக் கொண்டுவந்து நீட்டியவர் புனிதமலரின் புருசன் சூசைப்பிள்ளை.

"குறை நினையாதை தங்கச்சி. அவளுக்கு மூண்டு நாளாத் தடிமன்."

"அதுக்கு ஆண்டவரோடை என்ன கோவம் அண்ணை?"

"குனிஞ்ச பிறகுதான் நீ பிள்ளையோடை பின்னாலை நிக்கிறதைக் கண்டவளாம். முத்தி செய்யச் செய்யச் சுரூபத்தின்ர காலைத் துடைக்கிற துணியும் எல்லாருக்கும் ஒண்டுதானே. ஆண்டவர் பொறுப்பார், லூசியாவின்ர நெஞ்சு தாங்காது எண்டவள்."