வியாழக்கிழமை வண்டி

"செவ்வாய்க்கிழமை ரயில்ல பாதி விலைக்கே டிக்கெட் இருக்கு கிளைவ், போட்டுடவா?" கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் நோரீன் கணவரிடம் கேட்டாள். மெல்போர்னில் இருக்கும் அக்காவைப் பார்க்க அவளுக்கு வெகுநாள் ஆசை.

"வேண்டாம். வியாழக்கிழமை வண்டியிலதான் போறோம்."

"அன்னைக்கு ஆட்டு ஏலமாச்சே! முப்பது வருஷமா ஒரு ஏலத்தைக்கூட விட்டதில்லையே?"

"ஏலம் அடுத்த வாரமும் வரும். முதல் பெட்டியில போடு."

"அதுக்கு விமானத்துலயே போயிடலாம். பக்கத்து டவுன் வாகாவுல ஏறினா ஒரு மணி நேரம்."

"ரயில்தான்னு சொன்னேன்ல?"

"கோவேறு கழுதைகூட இவ்வளவு அடம் பிடிக்காது!"

கிளைவ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு அந்த வண்டியை ஓட்டப்போறது நம்ம டெஸ்."

நோரீனின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. பண்ணை வேண்டாமென்று ரயில் ஓட்டப் போன மகளோடு இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத மனிதர் அவர்.

"யார் சொன்னது?"

"அவதான். நேத்து போன் பண்ணேன்."

"என்ன சொன்னா?"

"கொஞ்ச நேரம் அழுதா. அப்புறம், 'இறங்கினதும் இன்ஜின் பக்கம் வாங்கப்பா, உள்ளே காட்டறேன்'னா."

நோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வியாழக்கிழமை வண்டியின் முதல் பெட்டியில் இரண்டு இடம் பதிவு செய்தாள்.