பீரோவில் இருந்த இன்னொரு வேப்

எரிவாயு முனையத்தில் வேலை பார்த்த ரொசாரியோவைச் சிகரெட்டிலிருந்து மீட்டவனே அங்கேயே வேலை பார்த்த கூட்டாளி தைனேஸ்தான். சிகரெட்டுக்குப் பதிலாக இருவருக்கும் அரசாங்கம் ஆளுக்கொரு வேப், அதாவது மின்சிகரெட், கொடுத்திருந்தது. பழுதானால் மாற்று வர ஒரு மாதமாவது ஆகும். அந்தப் பயத்தில் ரொசாரியோ கள்ளத்தனமாக இன்னொன்றை வாங்கிப் பீரோவில் பதுக்கியிருந்தான்.

ஒருநாள் தைனேஸ் வந்து நின்றான். "மக்கா, என் வேப் செத்துப் போச்சு. ஒங்கிட்ட வேற ஏதும் இருக்கா?"

"இல்லையே மக்கா." தன்னுடையதும் கெட்டுப்போனால் என்ன செய்வது என்ற நினைப்பு ரொசாரியோவுக்கு முந்திக்கொண்டது.

மறுவாரம் முனையத்தின் வாசற்கதவு தைனேஸின் மூச்சை முகர்ந்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டது. வேப் இல்லாமல் அவன் மறுபடி சிகரெட்டைத் தொட்டிருந்தான்; அந்த வாடை அடித்தால் அங்கே வேலை கிடையாது.

அன்று சாயங்காலமே ரொசாரியோ பதுக்கியதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓடினான். தைனேஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எப்பல கெடச்சுது?"

பொய் நாக்குவரை வந்தது. "அன்னைக்கே இருந்துச்சு," என்றான் ரொசாரியோ.

தைனேஸ் திட்டவில்லை. "நீயே வச்சுக்கோல. நீயாவது உள்ள போவணும்லா."

மறுநாள் கதவு ரொசாரியோவுக்குப் பச்சை காட்டியது. பின்னால் நின்றவர்கள் நெருக்கித் தள்ளும்வரை அவன் காலை எடுத்து வைக்கவில்லை.