பாப்பனங்கோட்டு ஃப்ளாட்

"பாப்பனங்கோட்டுல ஒரு ஃப்ளாட் வாங்கியாச்சு. அடுத்த மாசம் இந்த வீட்டைக் காலி பண்ணிடலாம்."

தோசையைத் திருப்பப் போன பாகீரதியின் கை அப்படியே நின்றது.

"யாருக்கு வாங்கினேள்?"

"நமக்குத்தான்" என்றார் நாகேஸ்வரன், தட்டைப் பார்த்தபடியே.

மகள் மீரா கல்யாணமாகிப் புனேவுக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகன் சுமந்த் அதற்கு முன்பே வேலை கிடைத்து அயர்லாந்து போய்விட்டான். ஸ்ரீவராகத்து வாடகை வீட்டில் இப்போது இவர்கள் இரண்டு பேர்தான்.

"ஒத்தை பெட்ரூம்ல நாலு பேர் இடிச்சுண்டு கிடந்தோம். மீரா சமையல்கட்டுல அரிசி டின் மேல உக்காந்து படிச்சா. அப்போ எத்தனை கெஞ்சினேன்! 'இந்த வீட்டை விட்டு என்னை நகத்தாதே'ன்னேளே. குழந்தைகள் போனப்புறம் எதுக்கு ஃப்ளாட்?"

"தோணித்து, வாங்கிட்டேன்."

விஷயம் கேள்விப்பட்டு சுமந்த் போன் செய்தான். "நாங்க இருக்கறச்சே தோணலையாப்பா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பாகீரதிக்குச் சுருக்கென்றது. நாகேஸ்வரன் போனை அவளிடம் நீட்டினார்.

பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க அடுக்க, அவளுக்குப் பழசெல்லாம் கிளம்பி வந்தது. மூன்று வயசில் மீரா குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு அழுதபோது, கதவைத் திறக்கும்வரை தெருவே வெளியே நின்று பாட்டுப் பாடியது. சுமந்த் சுவரில் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை.

"இதையெல்லாம் விட்டுட்டு வர உங்களுக்கு மனசு வரதா?"

"வராம என்ன? கயிறை எடு, பெட்டியைக் கட்டலாம்."

கல்நெஞ்சு என்று நினைத்துக்கொண்டாள்.

காலி பண்ணும் நாளன்று, மாடியில் ஒற்றை அறையில் இருக்கும் வீட்டுக்காரி சரோஜம் இறங்கி வந்து பாகீரதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மாமி போயிட்டா எனக்கு இங்க ஆரு உண்டு?"

"நானா போறேன் சரோஜம்? நீங்க சாமின்னு கூப்பிடற எங்காத்துக்காரருக்குத்தான் திடீர்னு சொந்த வீட்டு ஆசை!"

சாமான் வண்டி கிளம்பியது. நாகேஸ்வரன் ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்குப் போனார். அந்த நேரம் பார்த்து வாசலில் வேறொரு ஆட்டோ வந்து நின்றது. சரோஜத்தின் மகள் ஷிஜா இறங்கினாள். இடுப்பில் குழந்தை, கையில் இரண்டு பைகள்.

சரோஜம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "புருஷன் வீட்டுல இனி இருக்க முடியாதுன்னு இவ வெளியே வந்துட்டா மாமி. எங்கே வச்சுக்குவேன்? உங்ககிட்ட வீட்டைக் கேக்க எனக்கு நாக்கு வரல்லை. பகவானாப் பாத்து சாமிக்கு அந்த ஆசையைக் கொடுத்தான்." குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஷிஜா பாகீரதியின் பக்கத்தில் வந்தாள்.

"பகவான் இல்லை மாமி. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுல குழந்தையோட அழுதுண்டு நின்னேன், மாமா பாத்துட்டார். எல்லாத்தையும் சொன்னேன். 'கொஞ்ச நாள் சினேகிதி வீட்டுல இரு, வீடு உனக்குத் தயாரா இருக்கும். என்னைப் பாத்ததை அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதே'ன்னார்."

நாகேஸ்வரன் ஆட்டோவோடு வந்து சேர்ந்தார். பாகீரதி ஏறி உட்கார்ந்தாள். வண்டி தெருமுனை திரும்பியது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமோன்னோ?" என்றாள்.

நாகேஸ்வரன் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சொல்லியிருந்தா, நீ அந்த நிமிஷமே மாடிக்கு ஓடி, 'உங்க பொண்ணு வரட்டும், நாங்க போயிடறோம்'னு சொல்லியிருப்பே. அப்புறம் சரோஜம் நம்மளைப் போக விட்டிருப்பாளா?"